தேக்குப் பெட்டியில் இடுக்கு, விரிசல், ஆணித் துளை: எதை எதால் அடைப்பது?

ரஸ்தா_தம்பி

பழைய வீடு பிரித்த ரங்கூன் தேக்குப் பலகையில் செய்த கைப்பெட்டி. நீளம் 300 மி.மீ., அகலம் 200, உயரம் 120. பலகை கனம் 12. நான்கு மூலையும் டவ்டெயில் (புறாவின் வால் போல விரிந்த பற்கள் ஒன்றோடொன்று கோத்த மூட்டு). மூடி ஒரே பலகை. அடிப்பலகை காடிக்குள் (பக்கப் பலகையில் நீளமாக எடுத்த பள்ளத்துக்குள்) சொருகியது, பசை போடவில்லை.

அடைக்க வேண்டியவை: டவ்டெயில் மூலைகளில் இடுக்கு (பெரும்பாலும் மயிரிழைதான், இரண்டு இடத்தில் அரை நூல், அதாவது சுமார் ஒன்றரை மி.மீ. வரை இருக்கிறது). மூடியின் ஒரு முனையிலிருந்து உள்ளே 60 மி.மீ. நீளத்துக்கு விரிசல். முன்பக்கத்தில் பழைய ஆணித் துளை இரண்டு, சுற்றிலும் கறுப்பு வளையம். மூடி ஓரத்தில் விரல்நகம் அளவு சில்லு போயிருக்கிறது. அடிப்பலகையைச் சுற்றியும் இடுக்கு தெரிகிறது.

மேலே பிரெஞ்சு பாலிஷ் (ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு) போட எண்ணம். எல்லாவற்றுக்கும் ஃபெவிகாலில் மரத்தூள் குழைத்து அடைத்தால் போதுமா?

பாலிஷ்_பட்டறை

தம்பி, இன்னும் எதையும் குழைக்காதீங்க. நீங்கள் சொன்ன ஐந்தும் ஐந்து விதம். இடுக்கைப் பார்த்ததும் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இது அசையும் இடுக்கா, அசையாத இடுக்கா? டவ்டெயில் இடுக்கு அசையாது, அடைக்கலாம். ஆணித் துளையும் சில்லும் மரம் காணாமல் போன இடங்கள், அங்கே மரத்தையே வைக்க வேண்டும். மூடி விரிசல் சந்தேகத்துக்குரியது. அடிப்பலகை இடுக்கு கட்டாயம் அசையும். அதை அடைக்கவே கூடாது.

ஏன் என்று கணக்காகவே பார்த்துவிடலாம். தேக்கு மற்ற மரங்களைவிட அடக்கமானதுதான். ஆனாலும் ஈரப்பதம் 1 சதவீதம் மாறினால், தட்டையாக அறுத்த பலகை அகலத்தில் சுமார் 0.186 சதவீதம் மாறும். மையத்திலிருந்து ஆரவாக்கில் அறுத்த பலகை என்றால் சுமார் 0.1 சதவீதம். சித்திரை வெயிலுக்கும் கார்த்திகை அடைமழைக்கும் நடுவே மர ஈரம் 4 சதவீதம் ஏறினால், உங்கள் 200 மி.மீ. அடிப்பலகை ஏறக்குறைய 1.5 மி.மீ. விரியும். இடுக்கில் லப்பம் (அடைக்கக் குழைத்த கலவை) இறுகி நின்றால் பலகைக்கு விரிய இடம் கிடையாது. பக்கப் பலகையைத் தள்ளும், டவ்டெயில் பசை விடும். அடி இடுக்கை அடைத்த பெட்டி மழைக்காலத்தில் மூலையில் வாய் பிளப்பது இதனால்தான்.

நூறு வருஷத்துப் பர்மா தேக்கு, இனி அசையாது என்று இந்தப் பக்கம் ஒரு பேச்சு உண்டு. சரியில்லை. வயதான மரத்தில் புதிதாக முறுக்கு விழுவது குறையும், அவ்வளவுதான். காற்றின் ஈரத்தைக் குடிப்பதும் விடுவதும் என்றைக்கும் நிற்காது.

இழைப்புளி

டவ்டெயிலுக்கு என் பங்கு. அரை நூல் இடுக்கில் எந்தப் பசைக் கலவையும் அழகாக நிற்காது. அதே பலகையின் துண்டில் ஆப்புச் சீவல் எடுத்துச் சொருகுங்கள்.

முதலில் இடுக்கின் உள்ளே இருக்கும் பழைய பசையை எடுக்க வேண்டும். காய்ந்த ஃபெவிகால் மேல் புது ஃபெவிகால் பிடிக்காது. மெல்லிய பல்வாளை, அறுப்புத் தடம் 0.5 மி.மீ.க்குள் இருப்பதாகப் பார்த்து, இடுக்கின் இரு சுவரையும் ஒட்டி ஒவ்வொரு முறை ஓட்டுங்கள். பழைய பசையும் போகும், இடுக்கின் இரு சுவரும் இணையாகும். கோணலான இடுக்கில் சீவல் ஒரு முனையில் இறுகி மறுமுனையில் ஆடும்.

சீவலின் இழை ஓட்டம் முக்கியம். பல்லின் முனை இழை (இழை குறுக்கே அறுபட்டுத் தெரியும் பரப்பு) எந்த முகத்தில் தெரிகிறதோ அந்த முகத்தின் வழியாகச் சொருகுங்கள். சீவலின் இழை பல்லின் இழைக்கு இணையாக உள்ளே போக வேண்டும். அப்போது சீவிய பிறகு வெளியே தெரிவதும் முனை இழைதான், பல்லோடு சேர்ந்து மறைந்துவிடும். குறுக்கு இழையில் சொருகினால் பாலிஷ் ஏறியதும் வெளிர் கோடாகத் தனித்து நிற்கும்.

தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு. சீவலையும் இடுக்கையும் அசிட்டோன் தொட்ட துணியால் துடைத்து, அது ஆவியானதும் தாமதிக்காமல் ஒட்டுங்கள். மறுநாள் வரை விட்டால் எண்ணெய் மறுபடி மேலே வந்துவிடும். சீவலின் நுனியை நூலிழை போல மெல்லிசாக்கி, இருபுறமும் மெல்லிசாகப் பசை தடவி, கொட்டாப்புளியால் (மரச் சுத்தியலால்) லேசாகத் தட்டுங்கள். தட்டும் ஓசை கெட்டியாக மாறிய இடத்தில் நிறுத்துங்கள். அதற்கு மேல் ஒரு தட்டு தட்டினால் வால் பிளக்கும்.

ஒரு இரவு காயட்டும். மேலே அரை மி.மீ. விட்டு அறுத்து, மீதியைத் தீட்டிய உளியால் ஓரத்திலிருந்து உள்நோக்கிச் சீவுங்கள். உள்ளிருந்து வெளியே சீவினால் மூலை பிய்யும்.

கொப்புடையம்மன்_தெரு

அண்ணே சொல்வது நகைப்பெட்டி வேலைக்குச் சரி. மயிரிழை இடுக்குக்கெல்லாம் சீவல் எடுத்துக்கொண்டிருக்க முடியாது. அதற்கு ஃபெவிகாலே போதும், செய்கிற விதம் தெரிய வேண்டும். தனியாகக் குழைத்து அப்ப வேண்டாம். இடுக்கில் துளி பசையை விரலால் அழுத்தி ஏற்றி, மேலே வழிந்ததைத் துடைத்துவிட்டு, ஈரம் காயும் முன்பே 150 நம்பர் உப்புத்தாளைக் கட்டையில் சுற்றி அதன் மேல் தேய்க்கவும். அந்த இடத்து மரத்தூளே இடுக்கில் இறங்கி அடையும். நிறமும் அதே நிறம். ஐந்து நிமிஷ வேலை.

பாலிஷ்_பட்டறை

மயிரிழைக்கு அது சரிதான், நானும் ஒத்துக்கொள்கிறேன். கால் மி.மீ. தாண்டினால் வேண்டாம். காரணம் பாலிஷ் போடும்போதுதான் தெரியும். ஃபெவிகால் காய்ந்தால் பிளாஸ்டிக் படலம். அதற்குள் இருக்கும் தூளுக்கு ஸ்பிரிட்டும் போகாது, நிறமும் ஏறாது. சுற்றியுள்ள மரம் பாலிஷைக் குடித்துச் சிவக்கும்போது அந்தக் கோடு மட்டும் அழுக்கு நிறத்தில் கிடக்கும். இடுக்கைச் சுற்றி வழிந்து காய்ந்த பசையும் இதையே செய்யும், கண்ணுக்குத் தெரியாமல். ஸ்பிரிட் நனைத்த துணியால் பெட்டி முழுவதையும் ஒரு முறை துடைத்துப் பாருங்கள். பசை பட்ட இடம் நனையாமல் வெளிறி நிற்கும். அங்கே சுரண்டுங்கள். இடுக்கின் இருபுறமும் முதலிலேயே மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டால் இந்த வேலையே இல்லை.

கால் மி.மீ.க்கும் ஒரு மி.மீ.க்கும் நடுவில் உள்ளவற்றுக்கு, சீவல் சொருக முடியாத இடத்தில், அரக்கு லப்பம் செய்யுங்கள். மேலே போடப்போவது அரக்குப் பாலிஷ், உள்ளே பிடித்திருப்பதும் அரக்கு, இரண்டும் ஒன்றோடொன்று கரைந்து சேரும்.

அரக்குத் தகடு 250 கிராம், ஸ்பிரிட் 1 லிட்டர். கண்ணாடிப் பாட்டிலில் போட்டு ஒரு இரவு விட்டு, அவ்வப்போது குலுக்கி, மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். இரும்பு டப்பா வேண்டாம், அரக்கு கறுத்துவிடும். பக்கத்தில் அடுப்போ பீடியோ இருக்கக் கூடாது. ஸ்பிரிட்டில் மெத்தனால் கலந்திருக்கும், காற்றோட்டமான இடத்தில் வேலை பாருங்கள்.

தூள் எங்கே கிடைக்கும் என்று தேட வேண்டாம். அதே பலகைத் துண்டின் சேகுப் பக்கத்தை (உள்மரமான கருத்த பகுதியை) 120 நம்பர் தாளில் தேய்த்து, விழுவதை மெல்லிய துணியில் சலியுங்கள். வெளிறுப் பக்கத்து (பட்டையை ஒட்டிய வெளிர்ப் பகுதியின்) தூள் கலந்தால் நிறம் செத்துவிடும். ரம்பத் தூள் வேண்டாம், பெரிய துணுக்குகள் தாள் படும்போது பிய்ந்து குழி விழும். தூள் இரண்டு கரண்டி, சாக் பவுடர் அரைக் கரண்டி, அதில் அரக்கைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கொழுக்கட்டை மாவு பதத்துக்குக் கொண்டுவாருங்கள். லப்பம் வைக்கும் தகட்டால் அழுத்தி ஏற்றி, மேலே மேடாக விடுங்கள். ஸ்பிரிட் போகப்போகச் சுருங்கும். ஒரு தடவைக்கு ஒன்றரை மி.மீ. ஆழத்துக்கு மேல் வேண்டாம். ஆழமான குழியை ஒரே மூச்சில் நிரப்பினால் மேல்தோல் காய்ந்து உள்ளே பச்சையாக இருக்கும், பாலிஷ் முடிந்து மாதக் கணக்கில் கழித்துப் பள்ளம் விழும்.

நிறம் குறைந்தால் செங்காவியும் மஞ்சள் காவியும் கத்தி முனையளவு. கறுப்புக்கு விளக்குக் கரி, அதிலும் பாதி. காய்ந்த லப்பத்தை மரத்தோடு ஒப்பிடாதீர்கள். மரத்தை ஸ்பிரிட்டால் நனைத்து, அந்த ஈர நிறத்தோடு ஒப்பிடுங்கள், பாலிஷ் ஏறிய பின் வரும் நிறம் அதுதான். இரண்டுக்கும் நடுவே சந்தேகம் வந்தால் கறுப்புப் பக்கம் சாயுங்கள். பலகையின் ரேகையிலேயே கறுப்புக் கோடுகள் உண்டு, கண் அதையும் ரேகையாக எடுத்துக்கொள்ளும். வெளுத்த லப்பம் எப்போதும் ஒட்டுப் போட்டதாகவே தெரியும்.

ஒன்று விட்டுவிட்டேன். புதிதாக இழைத்த தேக்கு பச்சை சாய்ந்து, திட்டுத் திட்டாக இருக்கும். வெளிச்சம் பட்ட பிறகுதான் பொன்னிறத்துக்கு வரும். மரம் நிறம் மாறும், காவி கலந்த லப்பம் மாறாது. அதனால் இழைத்த அன்றே நிறம் சேர்க்காமல், பெட்டியைச் சில நாள் வெளிச்சத்தில் வைத்துத் திருப்பித் திருப்பிக் காட்டிவிட்டு ஆரம்பியுங்கள். வளவின் (வீட்டு முற்றத்தின்) நேர் வெயிலில் வேண்டாம், மூடி வளையும். பட்டாலையில் (கூடத்தில்) வெளிச்சம் விழும் இடம் போதும்.

ரஸ்தா_தம்பி

ரொம்ப உபயோகம் அண்ணே. அடிப்பலகையை அப்படியே விடுகிறேன். மூடி விரிசல் அசைகிறதா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இழைப்புளி

விரிசல் முடியும் இடத்தில் குறுக்கே பென்சில் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். விரிசலின் வாயில் எத்தனை தாள் நுழைகிறது என்றும் குறித்துவையுங்கள். மழையில் ஒரு முறை, வெயிலில் ஒரு முறை பார்த்தால் தெரிந்துவிடும். அவசரம் என்றால் இரண்டு பக்கமும் கையால் அழுத்திப் பாருங்கள். கை அழுத்தத்திலேயே மூடினால் அது வெறும் முனை வெடிப்பு. பலகையின் முனை, நடுப்பகுதியைவிட வேகமாகக் காய்வதால் வருவது. கொஞ்சம் தண்ணீர் விட்டுத் தளர்த்திய ஃபெவிகாலை விரிசலின் வாயில் வைத்து, அடியிலிருந்து தூசி உறிஞ்சும் கருவியின் குழாயால் காற்றை இழுத்தால் உள்ளே இறங்கும். கிளாம்ப் போட்டு ஒரு இரவு. வேறெதுவும் வேண்டாம்.

கையால் மூடவில்லை என்றால் கிளாம்பை முறுக்கி மூட வைக்காதீர்கள். இழுத்து ஒட்டிய பலகை பக்கத்தில் வேறொரு இடத்தில் வெடிக்கும். விரிசலை வாளால் இரு சுவரும் நேராகும்படி திறந்து, அதே இழை ஓட்டத்தில் ஆப்புச் சீவல் வையுங்கள். பிறகு மூடியின் உட்பக்கம், விரிசலுக்குக் குறுக்கே, இரு முனையும் அகன்று நடுவில் குறுகிய கட்டை ஒன்று பதியுங்கள். நீளம் 25 மி.மீ., ஆழம் 5 மி.மீ. போதும், பலகையே 12தான். கட்டையின் இழை விரிசலுக்குக் குறுக்கே ஓட வேண்டும். விரிசலோடு சேர்ந்து ஓடினால் அந்தக் குறுகிய இடுப்பிலேயே ஒடிந்துவிடும்.

காலமும் பார்க்க வேண்டும். சித்திரை, வைகாசியில் விரிசல் அகலத் திறந்திருக்கும். அப்போது இறுக்க அடைத்தால் ஐப்பசி மழையில் மரம் விரிந்து, அடைத்ததையும் நசுக்கித் தன் ஓரத்தையும் நசுக்கிக்கொள்ளும். அடுத்த கோடையில் அதே இடத்தில் முன்னைவிடப் பெரிய இடுக்கு. நம் பக்கத்துக்குத் தை, மாசி நல்ல சமயம்.

மூடிக்கு அடியில் குறுக்குச் சட்டம் வைத்துத் திருகி இறுக்குகிறவர்கள் உண்டு. பலகை அசைய வழி இருக்கும்படி சட்டத்தின் துளையை நீள்வட்டமாக எடுத்தால் மட்டும் வையுங்கள், இல்லையென்றால் வேண்டாம்.

கொப்புடையம்மன்_தெரு

ஆணித் துளைக் கறுப்புக்கு நான் சொல்கிறேன். இரும்பும் மரத்தின் துவர்ப்புச் சத்தும் ஈரத்தில் சேர்ந்து விழுந்த கறை அது. மரத்துக்குள் ஊறியிருக்கும், உப்புத்தாளில் போகாது. உள்ளே ஒடிந்த ஆணி இருக்கிறதா என்று காந்தம் வைத்துப் பாருங்கள். இருந்தால் எடுத்துவிட்டுத்தான் அடுத்த வேலை, இல்லையென்றால் கறுப்பு திரும்பி வரும்.

ஆக்ஸாலிக் அமிலம் 20 கிராம், வெந்நீர் 200 மி.லி. கண்ணாடிக் கிண்ணத்தில் கரைத்து, பிரஷால் கறை மேல் மட்டும் வையுங்கள். அரை மணி நேரத்தில் வெளுக்கும், வெளுக்காவிட்டால் இன்னொரு முறை. பிறகு நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தடவை துடைத்தெடுங்கள். இது விஷம். கையுறை கட்டாயம். காய்ந்து வெள்ளையாகப் பூத்திருக்கும்போது உப்புத்தாள் போடவே கூடாது, அந்தத் தூள் மூக்கில் போனால் கெடுதல். நன்றாகக் காய்ந்த பிறகுதான் துளைக்கு வர வேண்டும்.

துளையில் உருண்டைக் குச்சியை அடித்து இறக்குவது எல்லோரும் செய்வது. அதில் மேலே தெரிவது முனை இழை. பாலிஷை அதிகம் குடித்துக் கறுப்புப் பொட்டாக நிற்கும். அதற்குப் பதில் 8 மி.மீ. துளை, 8 மி.மீ. ஆழம், அதற்கேற்ற வில்லையைப் பலகையின் முகத்திலிருந்து வெட்டியெடுத்து, ரேகையோடு ரேகை சேர வையுங்கள். காய்ந்ததும் முதல் சீவலைக் கொஞ்சம் மேலாகவே எடுத்து, இழை எந்தப் பக்கம் சரிகிறது என்று பார்த்து, அதற்கேற்ற திசையில் மீதியைச் சீவுங்கள். எதிர்த்திசையில் சீவினால் வில்லை பாதியில் பிளந்து பரப்புக்குக் கீழே குழி விழும்.

இழைப்புளி

மூடி ஓரத்துச் சில்லுக்கும் இதே நியாயம். ஒட்டுத் துண்டைச் சதுரமாக வெட்டாமல் படகு வடிவில் இரு முனையும் சாய்ந்து முடியும்படி வெட்டுங்கள். இழைக்கு நேர் குறுக்கே ஓடும் கோடு எத்தனை நெருக்கமாகப் பொருந்தினாலும் தெரியும். சாய்ந்த கோடு ரேகையில் கலந்துவிடும். துண்டை முதலில் வெட்டி, அதை வைத்து வரைந்து, பிறகு மூடியைச் செதுக்குங்கள். ஓரத்துக்கு வெளியே 1 மி.மீ. நீட்டிக்கொண்டே ஒட்டி, பிறகு இழையுங்கள்.

பள்ளத்தூர்_வீடு

இங்கேயே கேட்டுவிடுகிறேன். பழைய மர அஞ்சறைப் பெட்டி ஒன்று. அறைத் தடுப்புகளுக்கு அடியில் இடுக்கு விட்டு மஞ்சள்தூள் சீரகத்துக்குள் போய்விடுகிறது. இந்த அரக்கு லப்பம் வைக்கலாமா? அரால்டைட் (இரண்டு குழாய் கலந்து ஒட்டும் எபாக்சி பசை) நல்லது என்று கடையில் சொல்கிறார்கள்.

பாலிஷ்_பட்டறை

ஆச்சி, சாமான் படும் இடத்தில் காவி, சாக் பவுடர், அரால்டைட் எதுவும் வேண்டாம். பெயின்ட் கடையில் விற்கும் இரட்டைக் கொதி ஆளிவிதை எண்ணெயும் வேண்டாம், சீக்கிரம் காய்வதற்காக அதில் உலோக உப்புகள் சேர்த்திருப்பார்கள்.

முதலில் தடுப்பு காடியில் சொருகியதா, ஒட்டியதா என்று மெல்லத் தூக்கிப் பாருங்கள். சொருகியதாக இருந்தால் ஒட்டிவிடாதீர்கள், கழற்றிக் கழுவுவதற்குத்தான் அப்படிச் செய்திருக்கிறார்கள். தடுப்பின் அடியில் அதே மரத்தில் மெல்லிய சீவல் ஒன்றை ஒட்டி இழைத்து, உயரத்தைச் சரிசெய்தால் இடுக்கு போய்விடும். மிச்சமிருக்கும் மயிரிழைக்குச் சுத்தமான தேன்மெழுகு. 62 முதல் 64 டிகிரியில் உருகும். நேரடி நெருப்பில் வைக்காமல் கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் கிண்ணம் வைத்து உருக்கி, வெதுவெதுப்பான கத்தியால் இடுக்கில் ஏற்றி, ஆறியதும் மேலே இருப்பதைச் சுரண்டிவிடுங்கள். அடுப்புக்குப் பக்கத்தில் பெட்டி இருந்தால் மெழுகு இளகும், கொஞ்சம் தள்ளி வைக்கணும். ஒன்றிரண்டு வருஷத்துக்கு ஒரு முறை மறுபடி ஏற்ற வேண்டியிருக்கும்.

அரால்டைட் கெட்ட பொருள் இல்லை. கணு விழுந்த ஓட்டை, உளுத்துச் சொரசொரத்த ஓரம் இவற்றுக்கு அதுபோல வேறில்லை. இரண்டு குழாயிலும் சம அளவு எடுத்து, நிறம் ஒரே சீராகும் வரை கலக்கி, அதன்பின் மரத்தூள் சேர்க்கணும். முதலிலேயே தூளைப் போட்டால் கலவை சரியாகச் சேராமல் சில இடம் பிசுபிசுப்பாகவே நிற்கும். ஆனால் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் வாங்கும் பழைய பெட்டிகளுக்கு, பெட்டகங்களுக்கு நான் அதை வைக்கச் சொல்ல மாட்டேன். வைத்தால் எடுக்க முடியாது. அந்தக் காலத்து மூட்டுகளில் வச்சிரப் பசை (விலங்குத் தோல், எலும்பிலிருந்து காய்ச்சிய பசை) இருக்கும். வெந்நீரும் சூடும் காட்டினால் இளகும், திரும்ப ஒட்டலாம். பழைய வச்சிரத்தின் மேல் புது வச்சிரம் பிடிக்கும், ஃபெவிகால் சரியாகப் பிடிக்காது. பிற்காலத்தில் யாராவது கழற்றிப் பழுது பார்க்க வழி விட்டு வைக்கணும்.

கொப்புடையம்மன்_தெரு

ஃபெவிக்விக் பற்றி யாரும் சொல்லவில்லை. தலைமுடி அளவு வெடிப்புக்கு நல்லது, தானே உள்ளே ஓடும். ஆனால் வெறும் மரத்தில் விட்டால் சுற்றிலும் ஊறிக் கறை வளையம் விழும், அது பாலிஷிலும் தெரியும். முதலில் அந்த இடத்தில் தளர்த்தியான அரக்கு ஒரு பூச்சு கொடுத்துக் காயவிட்டு, பிறகு விடவும்.

பாலிஷ்_பட்டறை

வரிசையையும் சொல்லிவிடுகிறேன், தம்பி. சீவல், வில்லை, ஒட்டு எல்லாம் 120 நம்பர் தாளுக்கு முன். லப்பம் 120க்கும் 180க்கும் நடுவில். 220 முடித்து, தூசி துடைத்து, அரக்கில் ஒரு பங்குக்கு ஒரு பங்கு ஸ்பிரிட் சேர்த்து ஒரு பூச்சு. அப்போதுதான் விட்டுப்போன இடுக்கெல்லாம் கண்ணில் படும். அந்த நிலையில் மறுபடி லப்பம் வைக்கலாம், அரக்கு மேல் அரக்கு பிடிக்கும். பாலிஷ் எல்லாம் முடிந்த பிறகும் ஒரு பொட்டு தெரிந்தால் நிறம் சேர்த்த மெழுகு. வெறும் தேன்மெழுகு நம் ஊர் வெயிலுக்கு மென்மை. நான்கு பங்கு மெழுகுக்கு ஒரு பங்கு குங்கிலியம் சேர்த்து உருக்கினால் கெட்டியாக நிற்கும். மெழுகு வைத்த இடத்தில் அதன்பின் பாலிஷ் ஒட்டாது, ஆகவே அது கடைசி வேலை.

நசுங்கிய பள்ளம் எதுவும் இருந்தால் அதில் லப்பம் வேண்டாம். வெறும் மரத்தில் ஈரத்துணி போட்டு இஸ்திரிப் பெட்டியால் ஒற்றினால் நசுங்கிய இழை தானே எழும். பாலிஷ் ஏறிய மரத்தில் செய்யாதீர்கள், அரக்கு வெளுத்துவிடும்.

ரஸ்தா_தம்பி

கடைசியாக ஒன்று. கீல் திருகு ஒன்று மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கிறது, பிடிக்கவில்லை. அந்தத் துளையிலும் அரக்கு லப்பம் வைத்துத் திருகலாமா?

இழைப்புளி

வேண்டாம், லப்பத்துக்குத் திருகுப் புரியைத் தாங்கும் வலு கிடையாது, பொடிந்துவிடும். துளை நிறையும் அளவுக்குத் தேக்குச் சிம்புகளைப் பசையில் தோய்த்து நெருக்கிச் சொருகி, காய்ந்ததும் மட்டமாகச் சீவுங்கள். திருகின் புரியை விட்டு நடுத்தண்டின் கனம் என்னவோ அந்த அளவில் நடுவே துளையிடுங்கள். பித்தளைத் திருகை முதலிலேயே போட்டால் தேக்கில் தலை முறிந்துவிடும். அதே அளவு இரும்புத் திருகைப் போட்டுப் புரி எடுத்து, கழற்றிவிட்டு, பித்தளைத் திருகில் மெழுகு தடவிக் கையாலேயே முடுக்குங்கள். இரும்புத் திருகை உள்ளே விட்டுவைக்காதீர்கள், இன்னொரு கறுப்பு வளையம் வந்துவிடும்.